மீசை என்று சிரிக்காதீர்கள்!



"அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா" என்று நாம் எல்லாருமே சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்தவள்தான். என் பெரியம்மா பொண்ணுக்கு முகத்தில் முடி வளர ஆரம்பித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

அக்கா காலேஜ் படிக்கிறார். பஸ்ஸில் பசங்க "என்ன மச்சான்" என்று கூப்பிட்டதால் ஒரு மாதம் காலேஜுக்கே போகவில்லை. வீட்டுக்குள்ளேயும் துப்பட்டாவால் தாடையை மூடிக்கொள்வார்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. "சின்ன வயசில மஞ்சள் பூசல, அதான்" என்றார் ஒரு பாட்டி. குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துத் தேய்த்தார்கள். முகம் சிவந்து எரிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முதலில் கேட்டது, "மாதவிடாய் ஒழுங்கா வருதா?" என்றுதான்! ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்து, இது சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். என்றார். சுமார் 10 பெண்களில் ஒருவருக்கு இது இருக்கிறதாம். ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. இதில் அது கூடிவிடுவதால் உதட்டு மேலும் தாடையிலும் முடி தடித்து வளர்கிறது. காரணம் உள்ளே இருக்கும்போது மேலே மஞ்சள் தேய்த்தால் எப்படிப் போகும்?

மாத்திரை கொடுத்தார். பலன் தெரிய 6 மாதமாவது ஆகும், வளர்ந்த முடி அதனால் உதிராது, புதிதாக வருவது மெலிசாகும் என்றார். அதுவரை நூல் வைத்து எடுக்கலாம், ஷேவ் கூடப் பண்ணலாம். ஷேவ் பண்ணினால் முடி அடர்த்தியாகும் என்பது பொய். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். லேசரும் உண்டு. ஆனால் பல தடவை போகணும், செலவும் அதிகம்.

2024-ல் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 591 வாங்கி மாநிலத்திலேயே முதலிடம் பெற்றார் ஒரு மாணவி. அவர் மார்க்கைப் பார்க்காமல், முகத்து முடியைப் பார்த்து எத்தனையோ பேர் இணையத்தில் கேலி செய்தார்கள். அந்த 591-ஐ விடவா முடி பெரிசு?

பசங்களே! உங்களுக்கு மீசை அரும்பினால் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பெருமைப்படுறீங்க. எங்களில் ஒருத்திக்கு வந்தால் மட்டும் கேலியா? தோழிகளே! நாமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறோம், மறக்க வேண்டாம். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், முகத்திலும் முடி வந்தால் மறைக்காமல் அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லுங்கள். மாத்திரையை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. டாக்டரிடம்தான் போகணும்.

முடியை எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அக்காவின் உடம்புக்கு மருந்து இருக்கிறது. நம் வாய்க்கு மருந்து நாம்தான் தேட வேண்டும்.

அத்தைக்கு மீசை முளைத்தாலும் அத்தை அத்தைதான்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி