நியூட்ரல் புத்திசாலிகளுக்கு ஒரு கும்பிடு

"கியர்ல இறக்குனா இஞ்சின் போயிரும்"னு உபதேசம் பண்ற அண்ணாச்சிகளே, இஞ்சின் என்ன மண்பானையா? மேடேறும்போது தினம் தாங்குற ஆர்பிஎம்மை இறக்கத்துல தாங்காதா? ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டா, ஐடிலிங் வேகத்துக்குக் குறையுற வரை பெட்ரோல் சப்ளையே நின்னுரும். நியூட்ரல்லதான் சும்மா எரியும். மிச்சம் எங்கய்யா?

ஊட்டி கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மட்டும் நம்பி மிதிச்சுக்கிட்டே வந்தா பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் தரையைத் தொடும். அப்புறம் சாமிதான்.

வேகத்துல படக்குனு ரெண்டாவதுக்கு மாத்துனா, கிளட்ச்சைப் பாதி மிதிச்சே ஓட்டுனா கெடும்தான். அது ஓட்டுறவர் தப்பு, முறையோட தப்பில்ல. ஏறுன கியர்லயே இறங்குங்க சாமிகளா!