குளிரையும் மொழிபெயர்க்க வேண்டும்

'விண்டரைஸிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. நமக்குத் தேவைப்படவில்லை. பனி உறையும் மாதங்களைத் தாங்கும்படி வீட்டையோ காரையோ நீச்சல் குளத்தையோ முன்கூட்டியே தயார் செய்வது என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும். சொல்லையாவது எப்படியோ கொண்டுவந்துவிடலாம். அது பிறந்த ஊரின் குளிரைக் கொண்டுவர முடியாது என்பதுதான் பலருக்கு மறந்துவிடுகிறது.

தில்லியின் சத்தர்பூர் பண்ணை வீடுகளிலும், குருகிராம், நொய்டா அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தீபாவளிக்குப் பிறகு நீச்சல் குளத்தில் இறங்க ஆள் இருக்காது. அடுத்த நான்கு மாதங்களுக்குக் குளத்தை என்ன செய்வது? பம்ப், ஃபில்டரோடு வரும் கையேடுகளில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் பெரும்பாலும் அமெரிக்காவின் வட மாநிலங்களையும் கனடாவையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

அங்கே பகை, பனிக்கட்டி. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. மூடிய குழாய்க்குள் அது நடந்தால் குழாய் வெடிக்கும். எனவே நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, குழாய்களில் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றி, ரப்பர் அடைப்பான் வைத்து, குளத்தை மூடுகிறார்கள். இந்தியாவிலேயே இந்தக் கவலை தெரிந்த ஊர் ஸ்ரீநகர். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரில் அங்கே வீட்டுக் குழாய்களே உறைந்து போகும்.

தில்லி கதை வேறு. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1935 ஜனவரி 16-இல் மைனஸ் 0.6 டிகிரி. ஒரு விடியற்காலைக் குளிரில் முழுக் குளம் உறைந்துவிடாது. ஆனாலும் 'குளிர்காலத்துக்கு மூடுவது' என்றால் மொத்தமாகக் காலி செய்வது என்று அர்த்தம் செய்துகொள்பவர்கள் உண்டு. கனடாக்காரர்கூட அப்படிச் செய்வதில்லை. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் காலிக் குளம் படகைப்போல மேலே கிளம்பப் பார்க்கும். தரை விரிசல் விடும். உள்ளே நிற்கும் நீரின் எடைதான் குளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

கணக்கும் பார்க்கலாம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 75,000 லிட்டர். பெருநகரவாசிக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டி அளவு. அதன்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 100 நாள் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசை நிற்கும் நகரத்தில் இதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, ஏப்ரலில் மீண்டும் நிரப்புவது நியாயமா?

காலி செய்த குளம் முழுக்கக் காலியாவதும் இல்லை. ஆழமான மூலையில் ஒரு சாண் நீர் தேங்கும். ஜனவரி மழை அதில் சேரும். குளோரின் இல்லாத அந்த நீர் கொசுவுக்குப் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி நீர் பட்டதும் பொரியும். 1996-இல் தில்லியில் 10,000 பேருக்கு மேல் பாதித்து, 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட டெங்குவை அந்த ஊர்க்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நீரை அப்படியே விடுங்கள். குளிரில் பாசி மெதுவாகத்தான் வளரும். வெயில் குறைவதால் குளோரினும் சீக்கிரம் வீணாகாது. எனவே பம்ப்பைக் கோடையில் ஓட்டும் நேரத்தில் ஒரு பகுதி ஓட்டினால் போதும். வாரம் ஒருமுறை நீரைச் சோதித்து, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.ஹெச். 7.2 முதல் 7.8 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இலைகளை அள்ளிவிடுங்கள், ஊறினால் தரையில் கறை பிடிக்கும். பொங்கல் முடிந்ததும் மூடியை எடுத்துவிட வேண்டாம். வட இந்தியாவில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான்.

மூடி விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. குளத்தின் மேல் தளர்வாக விரித்த தார்ப்பாய், குழந்தையின் கண்ணுக்குத் தரையாகத் தெரியும். கால் வைத்தால் பாயோடு உள்ளே போகும். தேங்கிய மழைநீர்கூட ஒரு சிறு குழந்தை மூழ்கப் போதுமானது. நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய, எடை தாங்கும் மூடி வேண்டும். சுற்றிலும் வேலியும் பூட்டிய கதவும் வேண்டும். கோடையில் குளத்தருகே எப்போதும் யாராவது இருப்பார்கள். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தோட்டக்காரரின் பிள்ளை விளையாடுவது அங்கேதான்.