தாயின் கையொப்பம்

பிள்ளைப்பேறு நெருங்கும் வேளையில் பழைய கடனை அடைக்கக் கணவன் புதுக்கடன் வாங்குவதும், அதற்கு மனைவியைப் பிணைநிற்கச் செய்வதும் முறையன்று.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்குச் சட்டம் ஒரு வேலி இட்டிருக்கின்றது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, அவளது சீதனக் காணியும் நகையும் அவளுடைய தனிச்சொத்து. அச்சொத்தின் பயிர்ச்செய்கை, பராமரிப்பு முதலியவற்றுக்குப் பெற்ற கடன் நீங்கலாக, கணவனின் கடனுக்கு அவை பொறுப்பாகா. ஆனால், அவளே பிணைநின்று கையொப்பமிட்டால் அவ்வேலி பிரிந்துவிடும். காணி வழக்குக்கும் ஏலத்துக்கும் உள்ளாகும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மகப்பேற்றுக்குக் கட்டணமில்லை. வீட்டைக் கடனில் ஆழ்த்துவது பிள்ளையன்று. 31 ஆம் நாள் விருந்தும் ஊர் மெச்சும் ஆடம்பரமுமே.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: விருந்தைச் சுருக்குங்கள். வட்டி மிகுந்த கடனை முதலில் தீருங்கள். தாயின் ஊட்டத்துக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் உரிய பணத்தைத் தவணைக்குக் கொடாது ஒதுக்கி வையுங்கள். வாசித்து விளங்காத பத்திரத்தில் அவளைக் கையொப்பமிடச் செய்யாதீர்கள்.

பல வீடுகளில் பிள்ளைக்கென எஞ்சி நிற்பது தாயின் சீதனக் காணி ஒன்றே. தொட்டில் கட்டுமுன் அதனை ஏலத்துக்கு அனுப்பலாகாது.