கரண்ட் தேவைப்படும் நாயகன்

1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இன்று அறுபதைத் தொட்டவர்களும் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் மலர்கிறார்கள். காரணம், அவனுடைய சக்தியைவிட அதற்கு இருந்த எல்லைதான் என்பேன். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான். வலது கை மட்டும் மறையாது. கட்டத்துக்குள் ஆளே இல்லை, பளபளக்கும் இரும்புக்கை மட்டும் கதவைத் திறக்கிறது. நேரம் போனால் சக்தி தீர்ந்து உருவம் தெரிந்துவிடும், மறுபடி மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் தறிச் சத்தம் அடங்கிவிடும் கருமத்தம்பட்டியில் இந்த விதியை எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. எதையும் செய்யக்கூடிய நாயகனிடம் இந்தப் பதைப்பும் சிரிப்பும் கிடைக்காது.

இந்தக் கதை 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய பிரிட்டிஷ் சரக்கு, நம்முடையதா என்று கேட்கலாம். ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் வரைந்தது உண்மைதான். ஆனால் ‘மாயாவி’ என்று பெயர் வைத்ததுமே அவன் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டான். படக்கதை வாசிப்பைக் கெடுக்கும் என்பது இன்னும் பழைய புகார். ஆனால் பேச்சுக் குமிழியில் உள்ள வரியைப் படிக்காமல் அடுத்த கட்டம் புரியாது. பரீட்சைக்காக இல்லாமல், கதைக்காகவே பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டுகிறது. தாத்தாவும் பேரனும் ஒரே புத்தகத்துக்குப் போட்டி போடும் வாய்ப்பு வேறு எதில் இருக்கிறது? பள்ளி நூலக அலமாரியில், பாட வழிகாட்டி நூல்களுக்குப் பக்கத்திலேயே, படக்கதைகளுக்கும் ஒரு தட்டு ஒதுக்க வேண்டும்.