அணுவாய்வுக் கூடத்தில் கடவுளுக்குச் சான்றிதழா?

திருநகர்த் தெருவில் நடப்பார் தலைமேல் ஓயாது ஒரு மழை பொழிகிறது. கண்ணுக்குப் புலனாகா மழை அது. விண்ணிலிருந்து பாயும் கதிர்கள் காற்றுவெளியில் மோதுவதால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான் என்னும் நுண்துகள்கள், விரித்த உள்ளங்கைமேல் மணித்துளிக்கு ஏறக்குறைய நூறு வீழ்கின்றன. திருப்பரங்குன்றத்து முருகனை வணங்கித் திரும்புவார்க்கும் வணங்க மறுப்பார்க்கும் அவை வேற்றுமை காட்டுவதில்லை.

ஒரு நொடியைப் பத்து இலக்கம் கூறாக்கினால், அவற்றுள் 2.2 கூறே இத்துகளின் வாழ்நாள். அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். ஆயினும் துகள்கள் தரையை எட்டுகின்றன. விரையும் பொருளுக்குக் காலம் மெல்ல நகரும் என்று 1905இல் ஐன்சுடீன் வகுத்த கணக்கே இதற்கு விடை. மதுரையில் 2018இல் இயங்கத் தொடங்கிய 85 டன் இரும்புக் கருவி இத்துகள்களையே பதிந்தது. அளவை பொய்த்தால் கொள்கை வீழும். தோற்க அணியமாய் நிற்பதே இயற்பியலின் நேர்மை.

கடவுளுக்கு இயற்பியலில் சான்று கண்டோம் என்பார் இந்நேர்மைக்கு அணியமா? 2012 சூலை 4 அன்று செனீவாவின் செர்ன் ஆய்வு நடுவம் இகிசுத் துகளை அறிவித்தது. ‘கடவுள் துகள்’ கிட்டிற்று என்று ஆரவாரம் எழுந்தது. அப்பெயரோ 1993இல் வெளிவந்த இலெடர்மன் நூலின் தலைப்பு. இகிசே அதனை விரும்பவில்லை. பிற அடிப்படைத் துகள்கள் பொருண்மை பெறும் வகையை அத்துகள் விளக்கும். படைத்தவனைப் பற்றி ஒன்றும் விளம்பாது. அது கிட்டாதிருந்தால் இவர்கள் கோயிற்கதவை அடைத்திருப்பரோ? வென்றால் சான்று, தோற்றால் வாய்மூடல்! சூதாடியேனும் பணையம் வைக்கிறான். இவர்கள் அதுவும் வைப்பதில்லை.

அதே நடுவத்தில் இந்திய அரசு அளித்த 2 மீட்டர் உயர ஆடல்வல்லான் திருமேனி 2004 சூன் 18 அன்று திறக்கப்பட்டது. துகள்களின் இயக்கத்தை அவ்வாடலோடு காப்ரா 1975இல் தம் நூலில் ஒப்பிட்டார். ஒப்புமை உவமையே, உவமை சான்றாகாது. முகத்தை நிலவென்ற புலவன் நிலவை அளந்தவன் அல்லன். சோழர் காலக் கம்மியனின் கைத்திறத்திற்கு அணுவின் நற்சான்றும் வேண்டா.

அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய இலமேத்தர், கத்தோலிக்கப் பாதிரியார். அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயசு 1951இல் எடுத்துரைத்தபோது, அதனை ஏற்காதவர் அப்பாதிரியாரே! நாளை மாறக்கூடிய கணக்கில் கடவுளைத் தொங்கவிட்டால், கணக்கு மாறும் நாளில் கடவுளும் வீழ்வார். இயற்பியல் கடவுளை இல்லையென மெய்ப்பித்துவிட்டது என்பாரும் இதே பிழையைத் தலைகீழாய்ச் செய்கின்றனர். அளக்கவியலாததை அளவுகோல் ஒப்புவதுமில்லை, மறுப்பதுமில்லை.

இழப்பு யாருக்கு? தமிழ் மாணவனுக்கே! துகளின் வாழ்நாளையும் விரைவையும் அவன் ஆங்கிலத்தில் உருப்போடுகிறான். தமிழிலோ, ‘எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது’ என்ற வெற்றுப் பெருமையைக் கேட்கிறான். அறிவு அயன்மொழிக்கு, ஆரவாரம் தாய்மொழிக்கு என்னும் இப்பங்கீடு தமிழுக்கு இழைக்கும் இரண்டகம். நம்புவோன் நெஞ்சில் நம்பட்டும். மறுப்போன் அறிவால் மறுக்கட்டும். கடவுளுக்கு இயற்பியல் வேண்டா; இயற்பியலுக்குத் தமிழ் வேண்டும்!