எட்டில் எட்டு போனால் எவ்வளவு?



வாத்தியார் இன்று கார் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்க வேண்டாம். என் 1994 மாருதி 800 உங்களில் பலருக்குத் தெரியும். மழை நாளில் செங்கம் ரோட்டிலிருந்து அதில் ஏறிப் பள்ளிக்கு வந்தவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற பின் அதைத் தங்கை மகனிடம் கொடுத்தேன். அவன் அதற்கு டர்போ வைத்துவிட்டான். போன வாரம் போன் செய்தான்: "மாமா, இப்ப அஞ்சு பிஎஸ்ஐ பூஸ்ட். எட்டாக்கிட்டா ஜவ்வாது மலை ஏத்தத்துல பறக்கும். வேஸ்ட்கேட் டியூப்ல ஒரு சின்ன வேலைதான், பத்து நிமிஷம் போதுமாம்."

அந்தப் "போதுமாம்" தான் என்னைத் தூங்க விடவில்லை.

வேஸ்ட்கேட்டை ஏமாற்றிக் காற்றைக் கூட்டுவது சுலபம்தான். ஆனால் காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. "பெட்ரோல் பம்ப் என்ன அழுத்தத்தில் தள்ளுகிறது?" என்று கேட்டேன். "எட்டு பிஎஸ்ஐ, எப்பவும் ஒரே அளவு" என்றான். டர்போ காற்று கார்புரேட்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதன் மிதவை அறையிலும் அதே அழுத்தம் இருக்கும். எட்டில் ஐந்து போனால் மூன்று, அதனால் இன்றுவரை வண்டி ஓடியது. எட்டில் எட்டு போனால்? இரண்டாம் வகுப்புக் கணக்கு! ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஏற்றம் ஏறும்போதுதான் பெட்ரோல் நின்றுபோகும். ஐடிலில் பெட்ரோல் வாடை வருகிறது என்றானே, அதுவும் இதனால்தான். பூஸ்ட் இல்லாதபோது எட்டு முழுவதும் ஊசி வால்வைத் தள்ளுகிறது. பூஸ்டை ஒரு டியூப் வழியாக உணர்ந்து, அதைவிட மூன்று அதிகமாகவே எப்போதும் கொடுக்கும் ரெகுலேட்டர் வேண்டும். அதற்கு ஈடுகொடுக்கும் பம்ப் வேண்டும். ஜெட்டையும் பெரிதாக்க வேண்டும்.

இன்னொன்று சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே கதைதான் டர்போவிலும். சூடான காற்று, குறைந்த பெட்ரோல், முந்திய டைமிங் மூன்றும் சேர்ந்தால் கலவை தானாக வெடிக்கும். அந்த "டிங் டிங்" சத்தத்தை நாக்கிங் என்பார்கள். பூஸ்ட் ஏறிய நிலையில் அது சில நொடி நீடித்தாலே அலுமினிய பிஸ்டன் ஓட்டையாகலாம். ஒரு பிஎஸ்ஐக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், அது நல்லதே. ஆனால் அதற்குள் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் கலவை இன்னும் மெலியும்.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார்புரேட்டரும் டர்போவும் சேர்ந்த கார். நாக்கிங் வராமலிருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தை அதற்குத் தனியாக ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள்.

பழைய வண்டியைத் தொடவே கூடாது என்பவன் அல்ல நான். கையில் கிரீஸ் படாமல் எவனும் பாடம் படித்ததில்லை. (எட்டாம் வகுப்பில் அழுத்தம் நடத்தியபோது இவன் தூங்கினான் என்பது வேறு விஷயம்.) என் கருத்து இதுதான்: ஐந்திலேயே நிறுத்தட்டும். முதலில் ரெகுலேட்டர், பிறகு வைட்பேண்ட் மீட்டர். முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று பன்னிரண்டைத் தாண்டாமல் நின்றால் மட்டும் அரை அரையாக ஏற்றலாம். ஆறுக்கு மேல் பழைய பிஸ்டனை நம்பி நான் விடமாட்டேன். நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜினுக்காகச் செய்த பிரேக்கும் 12 அங்குல டயரும் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

அதுவும் சாலையில் அல்ல. தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பறக்க ஆசையென்றால் கோவை கரி ஸ்பீட்வேயும் இருங்காட்டுக்கோட்டையும் இருக்கின்றன. ஜவ்வாது மலை வளைவில் எதிரே வருவது பள்ளிப் பிள்ளைகள் ஏறிய பஸ்ஸாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறான். பிரஷர் கேஜ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பட்டறை வைத்திருக்கும் மாணவர்கள் யாராவது காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் நல்லது. நான் சொன்னால் "மாமா பழைய ஆள்" என்பான். நீங்கள் சொன்னால் கேட்பான். டிபன் உண்டு.