கம்ப்யூட்டருக்கு ஊசி போட்ட மறுநாள்...

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது அக்கா. காலையில திறந்தா என்னமோ அப்டேட்னு ஓடிச்சு. அதுக்கப்புறம் சத்தமே வரலை!"

இப்படி என்னிடம் வந்து நிற்கிற பெண்கள் ஒருவர் இருவர் அல்ல. குழந்தையின் பாடம், கரண்ட் பில், ரயில் டிக்கெட், வீட்டிலிருந்தே பார்க்கிற உத்தியோகம் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் போய்விட்ட காலம் இது. அது முரண்டு பிடித்தால் கை ஒடிந்த மாதிரிதான். ஆனால், சகோதரிகளே, அப்டேட்டால் வருகிற தொல்லையைவிட, பதற்றத்தில் நாம் செய்கிற காரியத்தால் வருகிற நஷ்டம்தான் பெரிது.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் தாய், சத்தம் வரவில்லை என்று கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுத்தாள். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். சத்தம் வந்தது. குழந்தையின் முதல் வருஷத்துப் படங்கள் போயே போய்விட்டன. வேறெங்கும் பிரதி இல்லை. கால் மணி நேரத்தில் வீட்டிலேயே சரி செய்திருக்கக்கூடிய கோளாறு அது.

அப்டேட் என்பது தடுப்பூசி மாதிரி. ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஊசி போட்டால் அன்று உடம்பு கதகதவென்று இருக்கும், சிணுங்கும். அதற்காக ஊசியே வேண்டாம் என்போமா? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களைக்கூட முடக்கிப் போட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். ஆகவே "அப்டேட்டே வராமல் செய்துவிடு" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, சிணுங்குகிற விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு என்ன கைவைத்தியம்?

மந்தமாக இருந்தால், சார்ஜரில் செருகி இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விடுங்கள். உள்ளுக்குள் மிச்ச வேலை ஓடிக்கொண்டிருக்கும். பிறகு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட்டவுன்' கொடுத்துத் திறப்பது போதாதா என்பீர்கள். பல கம்ப்யூட்டர்களில் ஷட்டவுன் என்பது கோழித் தூக்கம்தான். சீக்கிரம் விழிப்பதற்காகப் பாதி விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டே படுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாகத் தூங்கி எழுந்திருக்கும். பாதித் தொல்லை இதிலேயே தீரும்.

திரை மட்டும் கறுத்துப் போனால், விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரையை நடத்துகிற மென்பொருள் மறுபடி உயிர் பெறும்.

சத்தம் போனால், கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அமுக்கிச் சரியான ஸ்பீக்கர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் வராவிட்டால், ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். அங்கே சவுண்டு கருவியின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக்' என்பதைக் கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பிவிடும். மேலே சொன்ன இளம் தாய்க்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

இதற்கும் அடங்காவிட்டால், செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', அதற்குள் 'அப்டேட் ஹிஸ்டரி', அதன் அடியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. கடைசியாக வந்ததை எடுத்துவிடலாம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் பலர் 11-க்கு மாறுகிறார்கள். மாறியபின் ஒத்துக்கொள்ளாவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் கெடு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்'. அதற்குள் இடம் அடைக்கிறதே என்று பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். அழித்தால் திரும்ப வழியில்லை.

கம்ப்யூட்டர் திறக்கவே மறுத்தால், இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு அதுவே 'ட்ரபிள்ஷூட்' என்ற பக்கத்துக்குப் போகும். அங்கேதான் ஜாக்கிரதை! 'ரீசெட் திஸ் பிசி' என்பது முதலில் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். அதற்குள் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்றபடி சகலமும் போய்விடும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுங்கள்.

இன்னொரு கண்டம், நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்பது. இது 'பிட்லாக்கர்' பூட்டின் சாவி. புதிதாக வாங்குகிற பல கம்ப்யூட்டர்களில் நாம் கேட்காமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். 2024 ஜூலையில் வந்த ஓர் அப்டேட்டுக்குப் பின் சில கம்ப்யூட்டர்கள் திடீரென்று இதைக் கேட்டன. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பெரும்பாலும் இருக்கும். செல்ஃபோனில் அந்தக் கணக்கைத் திறந்து எடுக்கலாம். சாவி எங்குமே இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் தர முடியாது. நான் அந்த 48 எண்களையும், கணக்கு எந்த ஈமெயிலில் இருக்கிறது என்பதையும் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலமே நீங்களும் எழுதி வையுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. திரையில் ஃபோன் நம்பரோடு எச்சரிக்கை வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் ஃபோன் நம்பரே இருக்காது. "விண்டோஸிலிருந்து பேசறோம் மேடம், ஒரு ஆப் போடுங்க" என்று யாராவது கூப்பிட்டாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

வருமுன் காப்பது எப்படி? மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். தினசரி காலண்டரில் அதற்கு முந்தின ஞாயிறை வட்டம் போட்டு வையுங்கள். அன்று படங்களையும் பிள்ளைகளின் பாடங்களையும் தனி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை வாரம் என்றால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'பாஸ்' கொடுத்து ஒரு வாரம் தள்ளிப் போடலாம். பரீட்சை முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், "என்னைக் கேட்காம எதையும் அழிக்கக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த இதழில், பழைய செல்ஃபோனைக் குழந்தை கையில் கொடுக்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.